மருமகள் உயரத்தில் ஒரு வாஷ்பேசின்

1

இது ஒரு கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிப் பக்கத்துக்கு வந்த பிறகு ஏமாற்றிவிட்டேன் என்று யாரும் சண்டைக்கு வரக் கூடாது.

வீட்டு அலங்காரத்துக்கென்றே வருகிற ஒரு மாத இதழின் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். "குளியலறை வாஷ்பேசின் மேடைக்குப் புதுமையான யோசனைகள்னு ஒண்ணு எழுதிக் குடுங்க. பத்து ஐடியா போதும். படிச்சதும் சுத்தியலைத் தூக்கிட்டுப் பழசை உடைக்கக் கிளம்பணும்," என்றார். நான் கதை எழுதுகிறவள். கதையை மட்டும் நம்பி யாரும் பிழைத்ததில்லை என்பதால் (இதற்கு மேல் அடைப்புக்குறிக்குள் புலம்ப மாட்டேன்) ஒப்புக்கொண்டேன்.

எழுதி, பாதியில் விட்ட முதல் வரிகள் இவை:

"ஒரு வீட்டின் முகம் வரவேற்பறை என்றால், அதன் மனசாட்சி..."

"காலையில் கண் விழித்ததும் நாம் முதலில் சந்திக்கிற ஆள்..."

"கடைக்காரர்கள் இதை வேனிட்டி என்பார்கள். அகராதியில் பார்த்தால் வீண்பெருமை என்று..."

மூன்றும் தேறவில்லை. காரணம் எளிது. எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே வாஷ்பேசின் என் வீட்டில் இருப்பதுதான். அதன் அடியில் ஒரு வாளி, வாளியில் ஒரு கிழிந்த துண்டு. புதுமை அவ்வளவுதான். அதனால் என்னோடு கல்லூரியில் படித்த தோழி ஒருத்தியைப் பிடித்தேன். குளியலறை, சமையலறை டிசைன் செய்வது அவளுடைய தொழில். ஒரு நாள் முழுக்க உன்னோடு சுற்றட்டுமா என்று கேட்டேன்.

"வா. ஆனா போற வீட்டுல வாயைத் திறக்காதே," என்றாள்.

2

அன்று மூன்று வீடுகளுக்குப் போனோம். முதல் வீட்டில் பழைய தையல் மெஷினின் இரும்புக் காலை அப்படியே நிறுத்தி, அதன்மேல் கல் பலகை பதித்து, பேசினை உட்கார வைத்திருந்தார்கள். இரண்டாவது வீட்டில் மேடைக்குக் கால்களே இல்லை. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நின்றது, கீழே மறைவாக விளக்கு. இரண்டையும் எழுதிக்கொண்டேன். இந்த வேகத்தில் போனால் ஒரு வாரத்துக்குள் பத்தும் கிடைத்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

மூன்றாவது வீடு ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில், நான்காவது மாடியில் இருந்தது. அங்கே இரண்டே பேர், ஒரு மாமியாரும் ஒரு மருமகளும். மாமியாரின் மகன், அதாவது மருமகளின் கணவன், சில வருடங்களுக்கு முன் வேலை செய்யும் இடத்தில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவன், பிறகு எழுந்திருக்கவில்லை.

[இந்தத் தகவலைக் கடைசிவரை ஒளித்து வைத்து உங்களைத் திடுக்கிட வைக்கலாம் என்று இந்தக் கதையின் பழைய எழுத்துப்படி ஒன்றில் முயன்றேன். ஒரு தாயின் துக்கத்தை வைத்துக் கண்ணாமூச்சி ஆடுவதாகத் தோன்றியது. இங்கேயே சொல்லிவிட்டேன்.]

அந்த வீட்டில் ஒரே ஒரு குளியலறைதான். சுவர் கசிந்து, வாஷ்பேசினுக்கு அடியிலிருந்த மர அலமாரி ஊறிப் போயிருந்தது. கதவுகள் வீங்கி, மூடினால் மூடாது. தரையில் எப்போதும் ஈரம். மாமியார் அதில் வழுக்கி விழுந்து மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்ட பிறகுதான் மருமகள் எல்லாவற்றையும் உடைத்துப் புதிதாகப் போட்டுவிடலாம் என்று டிசைனரான என் தோழியைக் கூப்பிட்டிருந்தாள்.

டிசைனர் தன் கைக்கணினியில் படங்களைக் காட்டினாள். ஒன்றில், மேடையின்மேல் கல்லைக் குடைந்து செய்த பெரிய கிண்ணம் மாதிரி ஒரு பேசின்.

மாமியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "இதுல முகம் கழுவணுமா, மாவு பிசையணுமா?"

மருமகள் சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் அன்று நான் கேட்ட ஒரே சிரிப்பு அது.

பிறகு அளவெடுத்தார்கள். வாஷ்பேசின் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை முழங்கையை வைத்து முடிவு செய்வார்களாம். பேசின் முழங்கைக்கு மேலே போனால் தண்ணீர் கை வழியாக உடம்புக்குள் இறங்கும். மிகவும் கீழே போனால் இடுப்பு ஒடியும். கண்ணாடி எந்த வடிவம், கல் என்ன நிறம் என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. இதைப் பற்றி ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை.

"அம்மா, நிமிர்ந்து நில்லுங்க. கையை மடக்குங்க, முகம் கழுவற மாதிரி," என்றாள் டிசைனர்.

மாமியார் குள்ளமானவர். பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிற்பதுபோல் காலைச் சேர்த்து வைத்து நின்றார். "இத்தனை வருஷத்துல என் உயரத்தை யாரும் கேட்டதில்லம்மா. இருக்கறது என் பையன் உயரத்துக்குப் போட்டது. நான் முகம் கழுவினா தண்ணி முழங்கை வழியா ஓடி நைட்டிக்குள்ள போயிடும். குளிர்காலத்துல அது ஒரு தனி சுகம், போ."

டிசைனர் சுவரில் கோடு போட்டு, அதன்மேல் ஒரு நீல டேப்பை ஒட்டினாள். "அடுத்து நீங்க வாங்க."

மருமகள் கதவு நிலையில் சாய்ந்திருந்தாள். நல்ல உயரம். "எனக்கு வேண்டாம் மேடம். அத்தை உயரத்துக்கே போட்டுடுங்க."

"ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு உயரம் பாக்கலாமே?"

"வேண்டாம். அவங்களுக்கு வசதியா இருந்தா போதும்."

மாமியார் திரும்பிப் பார்த்தார். "இது உனக்கு எங்கயோ கீழ வரும். நீ எப்படிப் பல் தேய்ப்ப?"

"குனிஞ்சுக்கறேன் அத்தை."

"தினமுமா?"

மாமியார் நீல டேப்பைப் பார்த்தார். மருமகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு டிசைனரிடம், "டிராயர் எத்தனை வரும்?" என்று கேட்டார்.

3

இந்த இடத்தில் மாமியாரை நான் கத்த வைத்தேன். உண்மையாகவே வைத்தேன். அந்தப் படி இன்னும் என்னிடம் இருக்கிறது:

["ஓஹோ, அப்படியா சங்கதி! என் பையன் போன இடத்துல புல் முளைக்கறதுக்குள்ள உனக்கு..."]

கதை என்று வந்துவிட்டால் மாமியார் கத்தித்தான் ஆக வேண்டும். சீரியல் பார்த்துப் பார்த்து என் விரல்களுக்கே அது பழகிவிட்டது. எழுதி முடித்து வாசித்துப் பார்த்தேன். அந்தப் பெண்மணி வாயிலிருந்து அது வராது. அடித்தேன். அடுத்த படியில் அவரைத் தெய்வமாக்கினேன். மருமகளின் தலையைத் தடவி, "நீயும் வாழணும்மா" என்றார். அதைப் படித்தபோது எனக்கே பல் கூசியது. அதையும் அடித்தேன்.

நடந்தது என்னவென்றால், அவர் எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தார். பிஸ்கட் டப்பாவை எடுத்தார். சுளுக்கிய கையால் மூடியைத் திருகினார், வரவில்லை. மருமகள் கையை நீட்டி டப்பாவை வாங்கி, திறந்து, திருப்பிக் கொடுத்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. வலது கை இடது கைக்குக் கொடுப்பதுபோல் அது நடந்தது. இதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மூன்று படிகளில் விட்டுவிட்டேன். இங்கே இருக்கட்டும்.

4

மருமகள் எங்களை வழியனுப்ப லிஃப்டில் கூட வந்தாள்.

"வேலை எவ்வளவு சீக்கிரம் முடியும் மேடம்?"

"ஏன், அவசரமா?" என்றாள் டிசைனர்.

"நான் இங்கிருந்து கிளம்பணும்." கதவுக்கு மேலே இறங்கிக்கொண்டிருந்த எண்களைப் பார்த்தபடியே சொன்னாள். கூட வேலை பார்க்கிற ஒருவர். பதிவுத் திருமணம். வேறு ஊருக்கு மாற்றல் கேட்டு, இருவருக்கும் கிடைத்துவிட்டது. "அத்தைகிட்ட இன்னும் சொல்லல. அவங்க தனியா இருந்தாலும் விழாத மாதிரி ஒரு பாத்ரூம் முதல்ல ரெடியாகட்டும். வெறுங்கையோட போய் நின்னு, நான் போறேன்னு சொல்ல முடியல."

வாயைத் திறக்காதே என்று சொல்லியிருந்தும் திறந்தேன். "அவங்களையும் கூட அழைச்சிட்டுப் போகலாமே?"

"கேட்டா வந்துடுவாங்க. அதான் எனக்கு பயம்." லிஃப்ட் நின்று கதவு திறந்தது. நாங்கள் இறங்கினோம். அவள் வெளியே வரவில்லை. "அவங்க முகமும் என் வீட்டுக்காரர் முகமும் அச்சு அசல் ஒண்ணு மேடம். அந்த மூக்கு, அந்தக் கண்ணு. தினமும் காலைல அந்த முகத்தைப் பாத்துட்டு இன்னொருத்தரோட எப்படிக் குடும்பம் நடத்துவேன்? சொல்லுங்க."

கதவு மூடி, எண்கள் மேலே ஏறின.

(மருமகளை வெறுக்க உங்களுக்கு இங்கே ஒரு வசதி செய்து தரலாம் என்று நினைத்தேன். கொஞ்சம் சிடுசிடுப்பு, கொஞ்சம் சுயநலம், கண்ணுக்கு மை. வாசகர் யாராவது ஒருவர் பக்கம் சாய்ந்து உட்கார வேண்டுமல்லவா? ஆனால் அந்த லிஃப்டில் அவளுடைய கை, மூடப் பார்த்த கதவின் ரப்பர் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். சாய இடம் கிடையாது. நின்றுகொண்டே படியுங்கள்.)

5

அடுத்த வாரம் டிசைனரின் பட்டறையில் கல் மாதிரிகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கார்பென்டர் ஃபோனில் வந்தார். "மேடம், அந்த நாலாவது மாடி அம்மா கூப்பிட்டாங்க. மேடையை ஏத்திப் போடச் சொல்றாங்க. நீங்க குடுத்த அளவு வேற. எதைப் போட?"

டிசைனர் உடனே மாமியாரை அழைத்தாள். கையில் பசை ஒட்டியிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். ஆகவே இதை நான் யாரிடமும் கேட்டு எழுதவில்லை. என் காதால் கேட்டேன்.

"அம்மா, உயரத்தை மாத்தச் சொன்னீங்களாமே?"

"ஆமாம்மா. என் மருமக உயரத்துக்குப் போடு. அவ முழங்கை எங்க வரும்னு எனக்குத் தெரியும். கிச்சன் ஷெல்ஃப்ல ரெண்டாவது தட்டு. அதுலதான் கையை ஊனிக்கிட்டு நிப்பா. அதை அளந்து கார்பென்டர்கிட்ட சொல்லிட்டேன்."

"உங்களுக்கு எட்டாதும்மா. பழையபடி தண்ணி நைட்டிக்குள்ளதான் போகும்."

"எனக்குப் பழக்கம்தானே."

டிசைனர் என்னைப் பார்த்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. "அம்மா, அவங்க ஒருவேளை..."

"போகப் போறா. தெரியும்." அந்தக் குரலில் எந்த மாற்றமும் இல்லை. "அன்னிக்கு அளவெடுக்க வந்து நிக்கலையே, அப்பவே தெரிஞ்சுது. போகட்டும். இந்த வயசுல என்கூட உக்காந்து டிவி பாக்கவா பொறந்தா? ஆனா எப்பவாவது வருவா இல்ல? வந்தா, என் வீட்டுல குனிஞ்சு நிக்க வேண்டாம். அவளுக்கு இடுப்பு வலி உண்டு. வெளிய சொல்ல மாட்டா."

"இதை அவங்ககிட்டயே சொல்லிடுங்களேன்."

"சொன்னா, ஐயோ பாவம்னு வருவா. மாசம் தவறாம பஸ் ஏறி வந்து, எதிர்ல உக்காந்து, மணி பாத்துட்டுப் போவா. அந்த வருகை எனக்கு வேண்டாம். அவளுக்கா தோணி வரட்டும். நீயும் சொல்லிடாதே. எனக்கு வாக்குக் குடு."

"சரிம்மா."

"பக்கத்துல யாரு?"

"அன்னிக்குக் கூட வந்தாளே, என் ஃப்ரெண்டு."

"அவங்களும் சொல்லக் கூடாது."

நான் தலையை ஆட்டினேன். ஃபோனுக்கு முன்னால் தலையாட்டினால் தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது. "சொல்ல மாட்டேன்மா," என்றேன்.*

* டிசைனர் அன்றைக்கே ஒரு வழி யோசித்தாள். ஒரே மேடை, இரண்டு மட்டம். உயரத்தில் ஒரு பேசின், ஒரு படி இறக்கி இன்னொரு சின்னப் பேசின். என் பத்து யோசனைகளில் மிகச் சிறந்ததாக அதுதான் இருந்திருக்கும். அளந்து பார்த்தாள். அந்தக் குளியலறையில் இரண்டுக்கு இடமில்லை.

6

அடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை. மருமகள் டிசைனருக்கு ஃபோன் செய்து கொட்டினாள். டிசைனர் எனக்குச் சொன்னாள். நான் உங்களுக்குச் சொல்கிறேன். மூன்று வாய் மாறி வருகிறது. ஆனால் பேச்சு மட்டும் மாறவில்லை என்று நம்புகிறேன்.

புது ஊரில் வீடு பார்க்க மருமகள் போயிருந்த நாட்களில் வேலை முடிந்துவிட்டது. திரும்பி வந்தவள் பையைக்கூட இறக்காமல் குளியலறைக்குள் போனாள். சாம்பல் நிறக் கல், வெளிர் மர அலமாரி, சத்தமில்லாமல் மூடுகிற டிராயர். எல்லாம் கேட்டபடியே இருந்தது. குழாயைத் திறந்து கையை நீட்டினாள். குனிய வேண்டியிருக்கவில்லை.

"அத்தை, இது எப்படி என் உயரத்துக்கு வந்துது?"

"நான்தான் சொன்னேன்."

"எதுக்கு?"

"உனக்கு வசதியா இருக்கட்டும்னு."

"என் வசதியை யார் கேட்டா? இது உங்களுக்காக நான் செஞ்சது. உங்களுக்காக மட்டும். இப்படி ஒண்ணைக் கட்டி வச்சு என்னைப் பிடிச்சு நிறுத்தப் பாக்கறீங்களா?" அவள் கத்தியிருக்கிறாள். அந்த வீட்டில் கடைசியில் கத்தியது மருமகள்தான். "நான் போறேன். கல்யாணம் பண்ணிக்கப் போறேன்."

"சரிம்மா."

"சரின்னா?"

"சரின்னா சரிதான். எந்த மாசம்?"

டிசைனரிடம் ஃபோனில் இதைச் சொல்லும்போது மருமகள் விம்மினாளாம். "திட்டியிருந்தா நானும் நாலு வார்த்தை பேசி, அழுது, முடிஞ்சிருக்கும் மேடம். சரின்னுட்டாங்க. இனிமே அந்த மேடையைப் பாக்கும்போதெல்லாம், பாரு, உனக்காகச் செஞ்சேன், நீ விட்டுட்டுப் போயிட்டன்னு அது சொல்லிட்டே இருக்கும். அந்த வீட்டுப் பக்கம் நான் எப்படி வருவேன்?"

டிசைனருக்கு உண்மை நாக்கு நுனி வரை வந்திருக்கிறது. வாக்குக் கொடுத்துவிட்டாளே. "பாத்துப் போயிட்டு வாங்க," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அன்று மாலை என் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "நான் செஞ்சது சரியா?" என்று கேட்டாள். உள்ளே வா என்றேன். வரவில்லை.

மருமகள் போய்விட்டாள். ஞாயிறுதோறும் ஃபோன் செய்கிறாள். வரவில்லை.

7

இனி முடிவு. இரண்டு எழுதினேன்.

ஒன்றில் மருமகள் வருகிறாள். ஒரு மழை நாள், கதவு தட்டுகிறார்கள், நனைந்த தலையோடு நிற்கிறாள். நேராகப் போய் முகம் கழுவுகிறாள். நிமிர்ந்து நின்று கழுவும்போது அவளுக்கு எல்லாம் புரிந்து... [இங்கே நிறுத்தினேன். மழையைக் கொண்டுவந்து நனைத்துவிட்டால் எல்லாருக்கும் எல்லாம் புரிந்துவிடுமா? வாழ்க்கையில் மழை பெய்தால் சளிதான் பிடிக்கிறது.]

இன்னொன்றில் மாமியார் இறந்துவிடுகிறார். வீடு கைமாறுகிறது. புதிதாக வந்தவர்கள், மேடை அழகாக இருக்கிறது, நம் உயரத்துக்கும் சரியாக... [இதையும் முடிக்கவில்லை. அவர் உயிரோடு இருக்கிறார். சௌகரியத்துக்காக ஒருவரைச் சாகடிக்க எனக்கு மனம் வரவில்லை.]

மூன்றாவதாக ஒன்று எழுத வேண்டியிருக்கவில்லை. நடந்தது.

8

கட்டுரைக்குப் படம் வேண்டும் என்று ஆசிரியர் நச்சரித்ததால், கேமராவோடு நான்காவது மாடிக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, முற்பகல். மாமியார் என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, "டீ குடிச்சிட்டுதான் படமெடுக்கணும்," என்றார். மெலிந்திருந்தார்.

மேடை கடையில் வைத்ததுபோல் இருந்தது. கல்லில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பேசினுக்குள் விரலால் தொட்டுப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. சோப்பு, பிரஷ், சீப்பு எதுவும் இல்லை. அவருடைய பிரஷ்ஷைச் சமையலறை ஜன்னலில், ஒரு டம்ளரில் பார்த்தேன்.

"இதை நீங்க பயன்படுத்தறதில்லையாம்மா?"

"நான் ஒருத்திதானே. கிச்சன் தொட்டி போதும். இதை எதுக்கு அழுக்காக்கணும்?"

படம் எடுத்தேன். வெளிச்சம் நன்றாக விழுந்தது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, அழகான படம். அதன் பிறகு, ஏதோ பழக்கத்தில், குழாயைத் திறந்து கையைக் கழுவிவிட்டேன். நானும் உயரமானவள். குனியவில்லை. தண்ணீர் விழும் சத்தம் கேட்டு மாமியார் சமையலறையிலிருந்து வேகமாக வந்தார். கதவருகே என்னைப் பார்த்ததும் நின்றார். அந்த முகத்தை விவரிக்க நான் மூன்று வரி எழுதி, மூன்றையும் அடித்துவிட்டேன்.

"மன்னிச்சுக்கோங்கம்மா. கேக்காம..."

"அட, கை கழுவத்தானே போட்டது," என்றார். ஒரு துணியை எடுத்து வந்து, எட்டி, நுனிக்காலில் நின்று, பேசினைத் துடைக்கத் தொடங்கினார்.

அப்போது கூடத்தில் ஃபோன் அடித்தது. துணியோடு போய் எடுத்தார்.

"சொல்லும்மா... சாப்பிட்டேன்... கை வலி இல்ல, அது எப்பவோ போச்சு... பாத்ரூமா? ரொம்ப வசதியா இருக்கு. தினமும் அதுலதான். ஒரு குறையும் இல்ல... நீ எப்படி இருக்க? இடுப்பு?... சரி... சரி. யாரு வந்திருக்காங்க தெரியுமா? டிசைனரோட வந்தாங்களே, அந்தப் பத்திரிகைக்காரங்க. படம் எடுக்க வந்திருக்காங்க. பேசறியா? இரு, குடுக்கறேன்."

அவர் ஃபோனை என் கையில் வைத்தார். வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போனார். கதவை மூடவில்லை. துணி கல்லின்மேல் தேய்கிற சத்தம் கேட்டது. நான் பேசினால் அவருக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்கும்.

நான் வாக்குக் கொடுத்தவள். அந்த உயரம் எதற்கு என்று ஒரு சொல் சொன்னால் அவள் வரக்கூடும். வருவாள் என்றால் எப்படி வருவாள்? பாவம் என்று வருவாளா, தனக்கே தோன்றி வருவாளா? சொல்லாவிட்டால், அந்தக் கல் தன்னைக் குற்றம் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டே அவள் கடைசிவரை இருந்துவிடுவாள். இந்தப் பெண்மணி நுனிக்காலில் நின்று துடைத்துக்கொண்டே இருப்பார்.

நான் என்ன சொன்னேன் என்பதை எழுதப் போவதில்லை. எழுதினால் நீங்கள் எனக்கு மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவீர்கள். இந்த இருவரையும் இப்போது என் அளவுக்கு உங்களுக்கும் தெரியும். வாக்குக் கொடுத்தது நான், நீங்கள் இல்லை.

"ஹலோ?" என்கிறாள் மருமகள். "மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

இந்தாருங்கள். பேசுங்கள்.